டியூப்லைட் பல்

உங்கள் பல் என்ன நிறம் என்று கேட்டால் யோசிக்காமல் 'வெள்ளை' என்பீர்கள். தப்பு. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு காரியம் செய்யுங்கள். துவைத்து மடித்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஈறுப் பக்கம் கொஞ்சம் மஞ்சள், நடுவில் வேறொன்று, நுனியில் லேசான சாம்பல், கோரைப்பல் மட்டும் மற்றதைவிட ஒரு படி அழுத்தமாக... மனசை விட்டுவிடாதீர்கள். எல்லாருக்கும் அப்படித்தான்.

இந்த ஞானம் எனக்கு ஐயப்பன்தாங்கலில், பஸ் டிப்போவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் இருக்கும் பல் கிளினிக்கில் கிடைத்தது. செலவு பன்னிரண்டாயிரம் ரூபாய். ஒரே ஒரு பல்லுக்கு.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

நான் தர்மபுரி ஜில்லாக்காரன். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். எங்கள் பக்கத்து ஆளைச் சிரிக்க வைத்தால் போதும், ஊரைச் சொல்லிவிடலாம். பல்லில் குறுக்குவாட்டில் சுண்ணாம்பு பூசினமாதிரி கோடுகள், முன்பல்லில் பழுப்புத் திட்டுகள். காரணம் தண்ணீர். பாறைக்கு அடியிலிருந்து ஏறி வரும் தண்ணீரில் ஃப்ளூரைடு இருக்கிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் ஒன்றரை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயசில், பல் இன்னும் ஈறுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும்போது குடித்தால், எனாமல் சரியாக இறுகாது. பல் முளைக்கும்போதே கோளாறோடு வெளியே வரும். எட்டு வயசுக்கு மேல் ஊருக்குள் வந்து அதே தண்ணீரைக் குடிக்கிறவர் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. (எலும்புக்கு ஆகலாம். அது தனிக் கதை.)

இதில் ஒரு கொடுமை உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் வெளியூர்க்காரர். அவர் பல் பளிச்சென்று இருக்கும். "ஏன்டா, பல்லு வெளக்கறதே இல்லையா?" என்று எங்களை வரிசையாக நிற்க வைத்து அடிப்பார். வெளக்காமல் என்ன? கரி, உப்பு, செங்கல் தூள், கோபால் பல்பொடி என்று ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்திருக்கிறோம். அது அழுக்கில்லை, பல்லுக்குள்ளேயே இருக்கிற சமாசாரம் என்று அடித்தவருக்கும் தெரியாது, அடி வாங்கின எங்களுக்கும் தெரியாது.

எனக்குப் பிரம்படியோடு போயிற்று. அக்காவுக்கு அப்படிப் போகவில்லை. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, பல்லுதான்..." என்று பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக வந்தவர் உள்ளூர். அவருக்கும் அதே பல். கல்யாணம் முடிந்தது. ஆனால் அந்த இரண்டு தடவைக்குப் பிறகு அக்கா சிரிக்கும்போது முந்தானையோ கையோ வாய்க்கு முன்னால் வந்துவிடும். இப்போது பாட்டியாகிவிட்டாள். கை இன்னும் வருகிறது.

சரி, என் பல்லுக்கு வருகிறேன்.

1998-ல் டி.வி.எஸ். சாம்பிலிருந்து விழுந்து முன்பல் ஒன்று பாதி உடைந்தது. ஓரிடத்தில் ரூட் கேனால் செய்து கேப் போட்டார்கள். எந்த இடம் என்பது வேண்டாம். ராத்திரி ஏழரை மணி, டியூப்லைட் வெளிச்சம். "கலர் எப்படி வேணும்?" என்றார் டாக்டர். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என் பல்லின் நிறத்தை என்னிடமே கேட்கிறார். "நல்ல வெள்ளையா போடுங்க சார்" என்றேன். அவரும் போட்டுவிட்டார்.

பழுப்புப் பற்களுக்கு நடுவில் பாத்ரூம் டைல்ஸ் மாதிரி ஒரு பல்! யோசித்துப் பாருங்கள். அதுவரை எதிரில் பேசுகிறவர் என் கறையைக் கவனித்தாலும் கவனிப்பார், கவனிக்காமலும் இருப்பார். அதற்குப் பிறகு அவர் கண் நேராக அந்த ஒரு பல்லுக்குப் போய், அங்கிருந்து வலமும் இடமும் திரும்பி மற்றதையெல்லாம் எண்ணிவிட்டுத்தான் என் கண்ணுக்கு வரும். சொந்தக்காரர்கள் 'டியூப்லைட்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு கல்யாண ரிசப்ஷனில் மேடையில் ஊதா விளக்குப் போட்டிருந்தார்கள். நிஜப் பல் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிருமாம், என் கேப்பின் பீங்கான் ஒளிரவில்லை. "அப்பா, உன் பல்லைக் காணோம்!" என்று என் பெண் கத்தினாள். அத்தனை நாள் வெளிச்சம் போட்ட பல் அங்கே மட்டும் அணைந்துவிட்டது.

வருஷம் போகப் போக ஈறு மேலே ஏறி, கேப்புக்கு அடியில் இருந்த உலோகத்தின் விளிம்பு கறுப்புக் கோடாக எட்டிப் பார்த்தது. கடைசியில் ஒரு பொங்கலன்று கரும்பைக் கடித்தபோது பீங்கான் ஒரு மூலையில் பெயர்ந்துகொண்டது. அப்படித்தான் அந்த மாடிப்படி ஏறினேன்.

டாக்டர், என் பெண்ணைவிட நாலைந்து வயசு பெரியவளாக இருந்தால் அதிகம். பல்லைத் தொடுவதற்கு முன்னால், "முதல்ல ஷேடு பாத்துடலாம் அங்கிள்" என்றாள். "கேப்பைக் கழட்டிட்டுப் பாக்கக் கூடாதாம்மா?"

"வாயை ரொம்ப நேரம் திறந்து வச்சா பல்லு காஞ்சிடும். காஞ்ச பல்லு இருக்கறதைவிட வெளுப்பா தெரியும். அதுக்கு மேட்ச் பண்ணா, எச்சில் ஊறினதும் கேப் மட்டும் தனியா நிக்கும்."

பிறகு சாவிக்கொத்து மாதிரி ஒன்றை எடுத்தாள். சாவிக்குப் பதில் பல். மொத்தம் பதினாறு. ஜெர்மனியில் பாட் ஸெக்கிங்கன் என்கிற ஊரில் இருக்கும் வீட்டா கம்பெனியின் அட்டவணை இது. உலகத்தில் பாதி பல் டாக்டர்கள் மேஜையில் இதுவோ இதன் வாரிசோ இருக்கும். ஏ என்றால் செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். ஒவ்வொன்றிலும் எண் ஏற ஏற நிறம் அழுத்தமாகும். ஏ 3-க்கும் ஏ 4-க்கும் நடுவில் ஏ 3.5 என்று ஒன்று. மெட்ரிக்குலேஷன் செக்‌ஷன் பிரித்தமாதிரி மனுஷன் பல்லைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு பல்லாக என் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து, சில விநாடிதான் பார்த்தாள். உடனே சுவரில் இருந்த சாம்பல் நிற அட்டையைப் பார்த்தாள். மறுபடி பல். ஒரே நிறத்தை முறைத்துக்கொண்டே இருந்தால் கண் களைத்து ஏமாற்ற ஆரம்பித்துவிடுமாம். நிறத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சமா மங்கலா என்பதைத்தான் என்றாள். மஞ்சளில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பிரகாசத்தில் தப்பினால் தெருக்கோடியிலிருந்தே தெரியும். என் டியூப்லைட்டின் ரகசியம் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் கழித்து விளங்கியது.

"இப்ப வெளியில வாங்க அங்கிள். வெயில்ல ஒரு தடவை பாக்கணும்."

ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் வேறு வேறாகத் தெரியும். புடவைக் கடையில் எடுத்த ப்ளவுஸ் துணி வீட்டுக்கு வந்ததும் பொருந்தாமல் போகிற அதே கதை. பெண்கள் துணியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பார்கள் இல்லையா, அதுபோல என்னை வாசலுக்கு எடுத்துப்போனாள். மாடி வராந்தா. உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தோடு, ஈ என்று இளித்தபடி, மவுண்ட் - பூந்தமல்லி ரோட்டைப் பார்த்து நின்றேன். எதிரே மெட்ரோ பாலம், அதன் நிழலில் சிக்னலுக்கு நிற்கிற பஸ். ஜன்னலோரத்தில் ஒரு பையன் என்னைப் பார்த்து அதேபோல இளித்தான். கண்டக்டரும் திரும்பிப் பார்த்தார். சின்ன வயசிலிருந்து மூடி மூடி வைத்திருந்ததை, காட்டுப்பாக்கத்துக்கும் போரூருக்கும் போகிற அத்தனை பேருக்கும் காட்டிவிட்டேன்.

"அடி நிறம் ஏ 3.5 கிட்ட வருது. ஆனா கோடும் திட்டும் எந்த ஷேடுலயும் இல்லை" என்றாள். அதாவது அந்தப் பதினாறில் எங்கள் ஊர் இல்லை.

உள்ளே வந்ததும் மூன்று வழி சொன்னாள். முதல் வழி, கோடில்லாமல் ஏ 3.5. "பக்கத்துப் பல்லோட ஓரளவு போகும், ஆனா உத்துப் பாத்தா தெரியும்." இரண்டாவது, மேலே எட்டுப் பல்லுக்கும் வெள்ளையாகப் போட்டுவிடுவது. "ஆனா அதுக்கு நல்ல பல்லையும் கொஞ்சம் சீவணும் அங்கிள். சீவின எனாமல் திரும்ப வளராது." மூன்றாவது வழியைச் சொல்லத் தயங்கினாள். "இல்லன்னா... அந்தக் கறையையே கேப்ல வரைஞ்சுடலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம். "போட்டோவுக்காகவாவது எட்டும் வெள்ளையா போட்டுக்குங்களேன்" என்றாள் மனைவி. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பட்டணத்துக்காரர்கள், எல்லாருக்கும் வரிசையான பல். எனக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. வாத்தியார் வரிசையிலிருந்து கடைசியாக ஒரு தடவை விடுதலை!

எட்டுப் பல்லுக்கான தொகையைக் கேட்டதும் ஆசை பாதி இறங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீதிப் பாதி ராத்திரி படுத்திருந்தபோது இறங்கியது. கல்யாண போட்டோவில் எனக்குப் பக்கத்தில் அக்கா நிற்பாள். நான் எட்டுப் பல்லும் பளபளக்கச் சிரித்துக்கொண்டிருப்பேன். கேமராக்காரர் "ஸ்மைல் ப்ளீஸ்" என்பார். அக்காவின் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் போன் செய்து மூன்றாவது வழி என்றேன்.

பழைய கேப்பை நடுவில் கீறி உடைத்து எடுத்தார்கள். மிச்சப் பல்லைச் சீராக்கி, அளவெடுத்து, தாற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் கேப்பை ஒட்டி அனுப்பினார்கள். முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது. முறுக்கைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தப் பத்து நாளில் என் பல்லைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன்.

1901-ல் ஃப்ரெடரிக் மெக்கே என்கிற இளம் பல் டாக்டர் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்கிற ஊருக்குத் தொழில் செய்யப் போயிருக்கிறார். உள்ளூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கெல்லாம் பழுப்புப் பல். அங்கும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். மெக்கே விடவில்லை. முப்பது வருஷம் துரத்தினார். 1931-ல் அல்கோவா அலுமினியக் கம்பெனியின் வேதியியல் நிபுணர் சர்ச்சில் தண்ணீரைச் சோதித்துக் குற்றவாளி ஃப்ளூரைடு என்று கண்டுபிடித்தார். இதற்கிடையில் மெக்கே இன்னொன்றையும் கவனித்திருந்தார். இந்தக் கறைப் பற்களில் சொத்தை குறைவு! அளவாக இருந்தால் நல்லது, மிஞ்சினால் கறை. அந்த வழியில் போய்த்தான் இன்று நீங்கள் பிதுக்குகிற பேஸ்ட்டில் ஃப்ளூரைடு வந்து சேர்ந்தது. உங்கள் பல் சொத்தையாகாமல் இருப்பதற்கு எங்களைப்போன்ற பல்காரர்கள்தான் மூல காரணம். ஒரு நன்றி சொல்லலாம்.

எங்கள் ஊருக்கு விடிவு வர நாளாயிற்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளூரோசிஸ் பாதிப்புத் தணிப்பு' என்று உண்டு. எங்கள் பல் அரசாங்க உத்தரவில் ஏறிவிட்டது.

லேபிலிருந்து ஒரு தம்பி கேமராவோடு நேரிலேயே வந்தார். என் பல்லை நாலு கோணத்தில் படமெடுத்து, காகிதத்தில் பல்லைப் பெரிதாக வரைந்து, எந்தக் கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று நில அளவை சர்வேயர் மாதிரி குறித்துக்கொண்டார். "பதினஞ்சு வருஷமா இந்த வேலைல இருக்கேன் சார். கறையை மறைக்கத்தான் காசு குடுப்பாங்க. போடறதுக்குக் குடுக்கறது நீங்கதான் முதல்" என்றார்.

கேப் இந்தத் தடவை ஜிர்கோனியா. அந்தப் பொருளை 1789-ல் க்ளாப்ரோத் என்கிற ஜெர்மன் விஞ்ஞானி கண்டறிந்தது இலங்கையில் கிடைத்த ஒரு கல்லிலிருந்து. அதே சிர்க்கான் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இருக்கிறது, மத்திய அரசு நிறுவனம் பிரித்தெடுக்கிறது. கேப் செய்கிற முறை வேடிக்கையானது. சாக்பீஸ் மாதிரி இருக்கும் கட்டியைக் கம்ப்யூட்டர் சொல்கிறபடி மெஷின் கடைந்து, வேண்டியதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகவே பல் செய்கிறது. சுமார் 1500 டிகிரியில் சுட்டால் அது சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து கல்லாகிவிடும். அதன்மேல் பீங்கானை ஏற்றி, மெல்லிய தூரிகையால் நிறம் தீட்டி, மறுபடி சூளை. கொலு பொம்மைக்குச் செய்கிற வேலைதான், கொஞ்சம் சின்ன பொம்மை.

முதல் தடவை வந்த கேப்பை ஒட்டாமல் சும்மா மாட்டிப் பார்த்தோம். மறுபடி வராந்தா, மறுபடி பஸ். நிறம் சரி. கறைதான் ரொம்ப ஒழுங்காக இருந்தது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி. டாக்டர் உதட்டைப் பிதுக்கினாள். "இது வரைஞ்சதுன்னு தெரியுது." திருப்பி அனுப்பினாள். அந்தத் தம்பி கோபித்துக்கொள்ளாமல் நாலு நாளில் வேறொன்று கொண்டுவந்தார். கோடு ஓரிடத்தில் அறுந்து, திட்டு ஒரு பக்கம் கசிந்து... கண்ணாடியில் பார்த்தேன். பாலக்கோட்டில் முளைத்த பல்.

நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, உயரமாக இருந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, சிமென்ட் வைத்து ஒட்டினாள்.

உங்களுக்கும் ஒரு நாள் கேப் போட வேண்டி வரலாம். அதனால் நான் பட்டதைச் சொல்லிவைக்கிறேன். காலை நேரத்தில் போங்கள். அடிக்கிற கலரில் சட்டை, புடவை வேண்டாம், லிப்ஸ்டிக் வேண்டாம். ஷேடு பார்ப்பது முதல் வேலையாக இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன்னால் மாட்டி, வெளியே வெயிலில் ஒரு தடவை பாருங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், ஒட்டின பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பல்லை வெளுப்பாக்குகிற எண்ணமிருந்தால் கேப்புக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். கேப் வெளுக்காது. முக்கியமாக, 'கலர் எப்படி வேணும்?' என்று கேட்டால் நான் 1998-ல் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள்.

ஆடித் தள்ளுபடிக்கு தி.நகர் போவதற்காக அக்கா வந்தாள், கூடவே ஒன்பது வயசுப் பேத்தி. அவளுக்கு முன்பல் இப்போதுதான் முழுசாக வந்திருக்கிறது. ஒரு கோடு கிடையாது, ஒரு திட்டு கிடையாது. குடித்தது காவிரி.

"டியூப்லைட்டை மாத்திட்டியாமே, காட்டு" என்றாள் அக்கா.

இளித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு நிச்சயமாகத் தெரிந்தவள்போல ஒரு பல்லை விரலால் தொட்டாள். "இதானே? நல்லாத்தான் பண்ணியிருக்கான். இருந்தாலும் பாத்தா தெரியுதுடா, நம்ம பல்லு மாதிரி இல்லை."

அவள் தொட்டது என் சொந்தப் பல்.

சொன்னேன். அக்கா ஒரு கணம் விழித்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். ஒரு கை என் மோவாயைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் பேத்தியின் தண்ணீர் பாட்டில்.